மலை வீட்டுக்குக் குடிவருகிறீர்களா? கார்பெட்டை முதலில் கவனியுங்கள்

கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குடிவருகிறவர்கள் ஸ்வெட்டர், ரஜாய், கெய்சர் என்று எல்லாவற்றையும் யோசித்து வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் விரித்துக் கிடக்கும் கார்பெட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கீழே இருந்தவரை மொசைக் தரையோ டைல்ஸோதான். கூட்டித் துடைத்தால் வேலை முடிந்தது. இங்கே மரத்தரை, இல்லையென்றால் சில்லென்று இருக்கும் சிமெண்டுத் தரை. டிசம்பர் காலையில் கார்பெட் இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆனால் அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. வேக்குவம் கிளீனர், அதாவது தூசி இழுக்கும் மெஷின், விற்ற கடையில் ஒன்று சொன்னார்கள், சர்வீஸில் வேறொன்று, வீட்டு ஓனர் மூன்றாவதாக ஒன்று. நானே விசாரித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கார்பெட்டைக் கெடுப்பது வெறும் தூசி இல்லை, ஈரம் குடித்த தூசி. காய்ந்த தூசியை எந்த வேக்குவமும் எடுத்துவிடும். அதே தூசி ஒரு வாரம் மூடுபனியில் ஊறிவிட்டால் நூலோடு ஒட்டிக்கொள்ளும். வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். அதற்குமேல் எவ்வளவு விலையுள்ள மெஷினாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கீழே சொல்வது எல்லாமே தூசி காய்ந்திருக்கும்போதே அதை எடுத்துவிடுவதற்கான வழிதான்.

1. சாவி வாங்கும் முன் கார்பெட்டை எழுத்தில் கொண்டுவாருங்கள்

வாடகை வீடு என்றால் இதுதான் முதல் வேலை. மலையில் நிறைய வீடுகள் சாமான்களோடு வாடகைக்கு வரும். கட்டில், சோபாவுக்கெல்லாம் பட்டியல் போடுவார்கள், கார்பெட்டை மறந்துவிடுவார்கள். காலி செய்யும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரும், அட்வான்ஸில் கழிப்பார்கள்.

ஒப்பந்தத்தோடு இணைக்கும் சாமான் பட்டியலில் கார்பெட் எத்தனை, ஒவ்வொன்றின் நீள அகலம், எந்த அறை, இப்போது இருக்கும் கறை, கிழிசல், சூடுபட்ட இடம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஃபயர்பிளேஸ் உள்ள வீட்டில் அதன் எதிரே ஒரு கருகல் இருந்தே தீரும், அதை விட்டுவிடாதீர்கள். மேல்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஓனர் இருக்கும்போதே நான்கு மூலையையும் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருப்பாகவோ பச்சையாகவோ புள்ளி இருந்தால், கையில் எடுக்கும்போதே நூல் உதிர்ந்தால், போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிந்துவிடும்.

இன்னொரு வரியும் சேருங்கள்: ஆழமாகச் சுத்தம் செய்யும் செலவு, அதாவது ஆளைக் கூப்பிட்டுச் செய்வது, யாருடையது என்று. வாய்ப்பேச்சில் விட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலி செய்தபின், உரிய பிடித்தம் போக, ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் "பிடித்தம்" எவ்வளவு என்ற பேச்சு வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் இந்தப் பட்டியலும் போட்டோவும்தான்.

சுவரோடு சுவராக ஒட்டிய கார்பெட் உள்ள வீடு கிடைத்தால் என் யோசனை, முடிந்தவரை வேண்டாம் என்பதே. அதைத் தூக்கிக் காய வைக்க முடியாது. கீழே சிமெண்டுத் தரை என்றால் மழைக்காலத்தில் ஈரம் அடியிலிருந்து ஏறும். வீடு மிகவும் பிடித்திருந்தால், குறைந்தபட்சம் படுக்கையறையில் மட்டுமாவது எடுத்துத்தரக் கேளுங்கள்.

2. எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்பளியா, செயற்கை நூலா, பருத்தியா, கயிறா என்று தெரியாமல் மெஷினை வைத்தால் சேதம்தான். கம்பளிக்கும் செயற்கை நூலுக்கும் சந்தேகம் வந்தால் அடிப்பக்க ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்து தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் கரியாகப் பொடியும். செயற்கை நூல் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கார்பெட்டிலேயே நெருப்பு வைத்துப் பார்க்காதீர்கள், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கம்பளி என்றால் மெஷினின் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு, இழுவையை, அதாவது காற்றால் உறிஞ்சுவதை மட்டும் பயன்படுத்துங்கள். புதுக் கம்பளிக் கார்பெட்டில் முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாகக் கொட்டும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். வெட்டிய நுனி உள்ள செயற்கை கார்பெட்டுக்கு சுழல் பிரஷ் நல்லது, அடியில் இருக்கும் மண்ணை மேலே கொண்டுவரும். வளையம் வளையமாகப் பின்னியதில் அதே பிரஷ் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தால் ஒரு வரிசையே பிரிந்துவரும். நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டுங்கள்.

கயிற்று விரிப்பும் சணல் விரிப்பும் தண்ணீர் பட்டால் கறுத்துவிடும், அவற்றுக்கு இழுவை மட்டும் போதும். பவானி ஜமுக்காளம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். மெஷின் குழாயில் சின்ன மூக்கை (முனையை) மாட்டி, ஒரு ஓரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் போதும். நல்ல வெயில் வந்தால் துவைத்தே விடலாம்.

3. மெஷின் வாங்குவது

இதில்தான் மலைக்கு வருகிறவர்கள் பணத்தை விடுகிறார்கள். கடையில் கோயம்புத்தூரில் வைத்துக் காட்டும்போது மெஷின் பிரமாதமாக இழுக்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. இங்கே காற்று அடர்த்தி குறைவு. காற்றைத் தள்ளித்தான் வேக்குவம் வேலை செய்கிறது என்பதால், அதே மெஷினின் இழுவை ஊட்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அங்கே இந்தக் குறைவு கொஞ்சம் கம்மி. மெஷின் பழுது என்று நினைத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வாங்கும்போதே "கீழே இது போதும்" என்று தோன்றுவதற்கு ஒருபடி மேலே வாங்குங்கள்.

வகைகளைப் பார்ப்போம். தண்ணீரையும் தூசியையும் இழுக்கும் டிரம் வகை பெரும்பாலும் 4,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இழுவை நன்றாக இருக்கும், சத்தமும் எடையும் அதிகம். ஆனால் மலை வீட்டுக்கு இதுதான் என் தேர்வு. ஜன்னலோரம் மழைத்தண்ணீர் கார்பெட்டில் இறங்கிவிட்டால் அதையும் இழுத்துவிடலாம். உலர் மெஷினில் தண்ணீரை இழுத்தால் மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கும். அடுத்தது குச்சி மாதிரி இருக்கும் வயரில்லாத வகை. மரப்படி ஏறி இறங்கும் வீட்டுக்கு வசதி, கரண்ட் போனாலும் வேலை நிற்காது; தடித்த கார்பெட்டுக்கு மட்டும் போதாது. தானாக ஓடும் ரோபோ கார்பெட்டின் மேல்தூசியைத்தான் எடுக்கும், குஞ்சத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஃபில்டர் ஹெப்பா (HEPA) எனப்படும் நுண்தூசி பிடிக்கும் வகையா என்று கேளுங்கள். நிஜமான ஹெப்பா 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆஸ்துமா, காலையில் தும்மல் உள்ளவர்கள் வீட்டில் இது ஆடம்பரம் அல்ல. குளிருக்காக ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீட்டில், முன்னால் இழுத்த தூசியைப் பின்னால் ஊதித் தள்ளும் மெஷின் இல்லாமல் இருப்பதே மேல்.

பை உள்ளதா, பை இல்லாததா? பை உள்ள மெஷினில் தூசி முகத்தில் படாது. ஒரு பை நூறு இருநூறு ரூபாய் ஆகும், மலையில் சட்டென்று கிடைக்காது, இரண்டு மூன்று சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். பை இல்லாததில் அந்தச் செலவு இல்லை. ஃபில்டரைக் கழுவிக் காயவைக்கும் பாடு உண்டு. அந்தப் பாடு இங்கே பெரியது, அதற்குத் தனியாகவே கீழே ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன்.

கடையிலேயே கேட்டு வாங்க வேண்டியவை: ஜிஎஸ்டி பில், கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி கார்டு, மெஷின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் போட்டோ. அப்புறம் முக்கியமான ஒரு கேள்வி: "சர்வீஸ் ஆள் மலைக்கு வருவாரா, நான் கொண்டுவர வேண்டுமா?" பல கம்பெனிகளில் பதில், கொண்டுவர வேண்டும் என்பதே. நீலகிரிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் கோயம்புத்தூர், கொடைக்கானல்காரர்களுக்கு திண்டுக்கல் அல்லது மதுரை. உள்ளூரிலேயே உதிரிபாகம் கிடைக்கும் பிராண்டு ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் வாங்குங்கள்.

4. பிளக்கைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்

பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் குவார்ட்டர்ஸிலும் அறைக்கு ஒரு சின்ன பிளக் பாயிண்ட் இருந்தால் அதிர்ஷ்டம். சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். மெஷின் 1,400 வாட், 1,600 வாட் என்றால் பெரிய பிளக், அதாவது 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். சமையலறைப் பாயிண்டிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை ஹாலுக்கு இழுத்து ஓட்டுவது மரத்தரை வீட்டில் ஆபத்து. வயர் சூடாகி, அதன்மேலேயே கார்பெட் கிடக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹாலில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்டும் சரியான எர்த்தும் போட்டுக்கொள்ளுங்கள். ஓனரின் சம்மதத்தை மெசேஜில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். மெஷின் சத்தம் மந்தமானால் நிறுத்திவிடுங்கள்.

கரண்ட் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 1,200 வாட் மெஷின் அரை மணி ஓடினால் 0.6 யூனிட். வாரம் இரண்டு தடவை என்றால், இரண்டு மாத பில்லில் பத்து யூனிட் சுமாருக்குத்தான் வரும். கெய்சரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

5. வாசலிலேயே பாதி வேலையை முடியுங்கள்

கார்பெட்டுக்குள் போகும் மண்ணில் பெரும்பகுதி செருப்பில்தான் வருகிறது. வாசலுக்கு வெளியே முரட்டுக் கயிற்று மிதியடி, உள்ளே பருத்தி மிதியடி, இரண்டுக்கும் நடுவே செருப்பு ஸ்டாண்டு. தேயிலைக் காட்டுச் செம்மண் ஈரமாக ஒட்டி வந்தால் உடனே தேய்க்காதீர்கள். காயவிட்டு, உதிர்த்து, இழுங்கள். ஈரத்தில் தேய்த்த செம்மண் வெளிர்நிறக் கார்பெட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

6. நாளும் நேரமும்

சமவெளியில் காலை எழுந்ததும் வீட்டைக் கூட்டுகிற வழக்கத்தை இங்கே கார்பெட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விடியற்காலை கார்பெட் ஈரமாக இருக்கும். கையை வைத்தால் ஜில்லென்று ஒட்டும். வெயில் ஏறி, பனி விலகி, காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரைதான் நல்ல நேரம். ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி கழித்து ஆரம்பியுங்கள். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்க ஆரம்பித்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, வாங்கி ஹாலில் மாட்டுங்கள். இந்த விஷயத்தில் நான் செலவழித்ததில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை. தும்மல் கொண்டுவரும் தூசிப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தைத்தான் உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அவை பிழைப்பது கஷ்டம். மழை மாதங்களில் இங்கே மீட்டர் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதங்களில் ஈரத்தைக் குறைப்பது கஷ்டம். பூச்சிக்குத் தீனியான, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்பொடியையாவது குறைக்கலாம். அதனால்தான் மழைக்காலத்தில் வேக்குவத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும் என்கிறேன். மழை நின்று மீட்டர் கொஞ்சம் இறங்கும் மதியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை முறை? ஹாலும் நடைபாதையும் வாரம் இரண்டு தடவை. நாய், பூனை இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். படுக்கையறை வாரம் ஒரு தடவை. யாரும் போகாத விருந்தினர் அறையைக்கூட பதினைந்து நாளைக்கு ஒரு தடவை; பூட்டிய அறையில்தான் அந்துப்பூச்சி குடியேறும்.

7. வேக்குவம் போடும் முறை

முதலில் தரையில் கிடக்கும் ஊசி, பின், நாணயம், சில்வர் ஓக் இலை, பிள்ளைகளின் பொம்மைத் துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்குங்கள். இலை குழாய்க்குள் போய்க் குறுக்கே நின்றால் இழுவை பாதியாகிவிடும். அலமாரி மேல், திரைச்சீலை, சோபா, எல்லாவற்றையும் தட்டி முடித்தபின்தான் கார்பெட். மேலேயுள்ள தூசி கீழேதானே வரப்போகிறது.

இப்போது நிதானம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது மாதிரி விறுவிறுவென்று இழுத்தால் மேலே இருக்கும் பஞ்சு போகும், அடியில் இருக்கும் மண் அப்படியே இருக்கும். மெஷின் தலையை ஒரு கை நீளத்துக்கு மெதுவாகத் தள்ளுங்கள், அதைவிட மெதுவாகப் பின்னால் இழுங்கள். பின்னால் இழுக்கும்போதுதான் மண் அதிகம் வருகிறது, மண் குழாயில் சரசரவென்று ஏறும் சத்தம் காதில் கேட்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் மேல் பாதி ஏறட்டும். அறை முழுக்க ஒரு திசையில் முடித்தபின், குறுக்கே ஒருமுறை. கதவுக்கு முன்னால், சோபாவில் உட்கார்ந்து கால் வைக்கும் இடத்தில் இன்னும் இரண்டு முறை.

தலை கார்பெட்டில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் கைப்பிடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். உயரம் மாற்றும் திருகு இருந்தால் ஒருபடி ஏற்றுங்கள். பலத்தால் தள்ளினால் நூல்தான் நொறுங்கும்.

குஞ்சம் உள்ள கார்பெட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், குஞ்சத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்துங்கள். குஞ்சத்தைக் கையால் தட்டுங்கள், போதும். சுவரோரத்துக்கு ஒல்லி மூக்கு. செல்லப்பிராணி முடி இழுவைக்கு வராமல் அழிச்சாட்டியம் செய்யும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக ஈரமாக்கி, ஒரே திசையில் தடவுங்கள், முடி உருண்டை உருண்டையாகச் சேரும். அதைப் பொறுக்கிவிட்டு, அந்த இடம் காய்ந்தபின் வேக்குவம்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. ஒரு மூலையைத் திருப்பி, கீழே செய்தித்தாள் விரித்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். காகிதத்தில் விழுந்ததை விரலால் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பஞ்சு மட்டும் என்றால் சரி. நறநறவென்று செம்மண் பொடி இருந்தால் இன்னொரு சுற்று போட வேண்டும். அந்த நறநற மணல்தான் காலால் மிதிக்க மிதிக்க நூலை அறுக்கிறது. நடைபாதையில் கார்பெட் வழுக்கையாவது இதனால்தான்.

8. மெஷினுக்குள் போகக்கூடாதவை

ஃபயர்பிளேஸ் சாம்பல். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மேலே ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாள்வரை கங்கு இருக்கலாம்; பைக்குள் போய்க் காற்று கிடைத்ததும் பற்றிக்கொள்ளும். முழுக்க ஆறிய சாம்பலும் ஃபில்டரின் கண்களை அடைத்துவிடும். தகர முறத்தில் அள்ளி, தகர வாளியில் போட்டு, வெளியே வையுங்கள். கார்பெட்டில் சிதறியதை மட்டும், அதுவும் கையால் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருந்தால், இழுக்கலாம்.

வாடை போக சமையல் சோடா தூவி இழுக்கச் சொல்வார்கள். நைசான பொடி என்பதால் பை இல்லாத மெஷினின் ஃபில்டரை அடைக்கும். ஈரமான நாளில் சோடாவே கட்டியாகி நூலுக்குள் உட்கார்ந்துவிடும். வாடைக்கு உண்மையான மருந்து வெயிலும் காற்றும்தான். கோலமாவு, முகப்பவுடர், மரத்தூள் எல்லாம் இதே ரகம். உடைந்த கண்ணாடித் துண்டு பையைக் கிழிக்கும், அதைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள்.

9. ஃபில்டர்: மலையில் எல்லாரும் தடுக்கி விழும் இடம்

மெஷினோடு வரும் புத்தகத்தில் "கழுவி, 24 மணி நேரம் காயவைத்து மாட்டவும்" என்று போட்டிருக்கும். அது வெயில் அடிக்கும் ஊருக்கு எழுதியது. ஜூலையில் ஊட்டியில், நவம்பரில் கோத்தகிரியில், 24 மணி நேரத்தில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. தொட்டால் காய்ந்தது போல இருக்கும் ஃபில்டரின் மடிப்புக்குள் ஈரம் தங்கியிருக்கும். அதை மாட்டி ஓட்டினால் தூசி சேறாக ஒட்டும், வீடெங்கும் ஈரத்துணி நாற்றம் அடிக்கும், மோட்டாருக்குள் ஈரம் போகும். சர்வீஸில் இதைப் பார்த்தால் வாரண்டி தர யோசிப்பார்கள்.

ஆகவே மெஷின் வாங்கும் அன்றே இன்னொரு ஃபில்டரும் வாங்கிவிடுங்கள். ஒன்று மெஷினில் இருக்கட்டும், இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கட்டும். மழைக்காலத்தில் கழுவுவதைக் குறைத்து, வெளியே கொண்டுபோய்த் தட்டி, மெல்லிய பெயிண்ட் பிரஷால் மடிப்பைத் தட்டிவிட்டாலே போதும். எல்லா ஹெப்பாவும் கழுவக்கூடியது அல்ல, அதையும் புத்தகத்தில் பாருங்கள். ஹீட்டர் முன்னாலோ அடுப்பு மேலோ வைத்துக் காயவைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, ஓரத்தில் காற்று ஒழுகும்.

தூசிப்பெட்டி பாதி நிறைந்ததுமே கொட்டுங்கள், பை முக்கால் ஆனதும் மாற்றுங்கள். வேலை முடிந்த அன்றே கொட்டுவது மேல். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் மெஷினுக்குள்ளேயே பொரிக்க வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, தூசியைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி மக்காத குப்பையில் போடுங்கள். செயற்கை நூல் கலந்திருக்கும் என்பதால் தோட்டத்தில் உரமாகக் கொட்ட வேண்டாம்.

வயரில்லாத மெஷின் வைத்திருப்பவர்கள் சார்ஜரை வராண்டாவில் மாட்டாதீர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது சீக்கிரம் செத்துவிடும்.

10. வெயில் மாதங்களில் அடிப்பக்கம்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மலைக்கு நல்ல வெயில். அதற்குள் எல்லா கார்பெட்டையும் ஒரு தடவை தூக்கி, புரட்டி, அடிப்பக்கத்தையும் வேக்குவம் போட்டுவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள், ஆள் கிடைக்க மாட்டார்கள், சர்வீஸ் வண்டியும் நெரிசலில் மாட்டும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலேயே மழை பிடித்துவிடும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர்தான் கனத்த மழை, அவர்கள் செப்டம்பரில் வெயில் கிடைக்கும் நாளில் இன்னொரு சுற்று செய்துகொள்ளலாம்.

முதலில் அடிப்பக்கம் மேலே வரும்படி போட்டு வேக்குவம். திருப்பினால் உதிர்ந்த மண் தரையில் கிடக்கும், அதைக் கூட்டுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்தால் நன்றாகக் காய்ந்தபின்தான் விரிக்க வேண்டும். கம்பளியை வெயிலில் போடும்போது அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்கள். இந்த உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை, சாயம் வெளுத்துவிடும்.

சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில், இருட்டில், யாரும் மிதிக்காத இடத்தில் கம்பளி மட்டும் திட்டுத் திட்டாகக் காணாமல் போயிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. வெள்ளையாக, அரிசி மாதிரி கூடும் தென்படும். இரண்டு பக்கமும் நிதானமாக வேக்குவம் போட்டு, பையை அப்போதே வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் இதையே தொடர வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை போடாதீர்கள்.

பூஞ்சைத் திட்டு கண்ணில் பட்டால் வீட்டுக்குள் வைத்து வேக்குவம் போடவே கூடாது. ஹெப்பா இல்லாத மெஷின் அந்தப் பொடியை வீடு முழுக்கத் தெளித்துவிடும். மாஸ்க் கட்டி, கார்பெட்டைச் சுருட்டி வெளியே கொண்டுபோய், வெயிலில் முறுகக் காயவைத்து, முரட்டு பிரஷால் தட்டி, பிறகு அங்கேயே மெஷின் போடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால் கோளாறு கார்பெட்டில் இல்லை, சுவரிலோ தரையிலோ ஒழுக்கு இருக்கிறது. ஓனருக்கு எழுதுங்கள்.

தண்ணீர் விட்டு ஷாம்பூ போடுவது மார்ச்சோடு நிற்கட்டும். மழை மாதத்தில் நனைத்த கார்பெட்டைக் காயவைக்க இந்த மலையில் வழியே இல்லை.

11. ஆளைக் கூப்பிடுவது, சர்வீஸ், காலி செய்வது

ஆள் வைத்துச் சுத்தம் செய்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்த விலையில் போக்குவரத்து சேர்ந்ததா, காயவைத்துத் தருவார்களா, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று மூன்றையும் கேட்டு, மெசேஜில் உறுதி வாங்குங்கள். கீழே எடுத்துப்போய்க் காயவைத்துக் கொண்டுவருகிறவர்கள்தான் மலைக்கு ஏற்றவர்கள். வெளியூர் வண்டி ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏற, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. எடுப்பதற்குக் கட்டணம் இல்லை. வருகிறவரிடம் முந்தின நாளே எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சோதனைச்சாவடியில் அரைநாள் போய்விடும்.

மெஷினை சர்வீஸுக்கு அனுப்பும்போது பில், வாரண்டி கார்டு இரண்டின் நகலையும் வையுங்கள், அசலைத் தராதீர்கள். தூசியைக் கொட்டிவிட்டு, என்னென்ன பாகம் கொடுத்தீர்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். குழாயும் மூக்கும் காணாமல் போவது சகஜம். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் நாள்கணக்கில் நிற்கும், அதனால் அக்டோபருக்கு முன்பே சர்வீஸை முடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம்.

காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லா கார்பெட்டையும் இரண்டு பக்கமும் வேக்குவம் போட்டு, முதல்நாள் எடுத்த அதே கோணத்தில் போட்டோ எடுங்கள். சுருட்டி வைக்காமல் விரித்தே வையுங்கள். ஓனர் வந்து பார்த்ததும், பழைய பட்டியலின் அடியிலேயே "சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.